நாலாவது வரியை எடுத்துடு

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதறது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறைச்சலும் இல்லாம இருக்கோம், நீயும் அங்கே சளி காய்ச்சல் இல்லாம வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கணும்னுதான் தினம் நினைக்கறேன், ஆனா நல்லா இருக்கியான்னு கேட்கறதுக்காக இதை எழுத உட்காரலை, உன்னை நல்லாத் திட்டணும்னுதான் உட்கார்ந்திருக்கேன், அதனால ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படி. வழக்கம்போல நின்னுக்கிட்டே தின்னுக்கிட்டே படிக்காதே. போன்ல சொல்லலாமேன்னு நினைப்பே. போன்ல நான் வாயைத் திறந்தாலே மீட்டிங் இருக்கும்மாங்கறே, லேப்ல பம்ப்பைப் போட்டுட்டேன் பாதியில நிறுத்த முடியாதும்மாங்கறே, அதுவும் இல்லேன்னா சரியா அந்த நேரம் பார்த்து சிக்னல் போயிடுது. அதோட எனக்குக் கோபம் வந்தா போன்ல கத்தத்தான் வருது, கோர்வையா பேச வரமாட்டேங்குது. காகிதம்னா நீ குறுக்கே பேச முடியாது. இன்னொண்ணு, இந்தக் கடிதத்தை உங்கப்பா கையில குடுக்கப் போறதில்லை. முப்பத்திரண்டு வருஷம் அச்சகத்துல பிழை திருத்தின மனுஷர், குடுத்தா சிவப்புப் பேனாவை எடுத்துக்கிட்டு உட்கார்ந்துடுவார். எழுத்துப்பிழை இருந்தா இருந்துட்டுப் போகட்டும். உன் அக்கா சாயந்திரம் வருவா, அவ போன்ல படம் பிடிச்சு அனுப்பச் சொல்றேன். நீ அந்தத் திருத்தத்தைப் பத்திரிகைக்குத் திங்கட்கிழமை அனுப்பப் போறதா எழுதியிருக்கே, இன்னைக்கு வியாழன், தபாலை நம்பினா வேலைக்காகாது.

வீட்டு சமாசாரம் முதல்ல சொல்லிடறேன், இல்லேன்னா கோபத்துல மறந்துடும். குளியலறைக் குழாய் மறுபடியும் ஒழுக ஆரம்பிச்சாச்சு, மாப்பிள்ளை நானே சரிபண்றேன்னு ஒரு ஸ்பேனரை எடுத்துக்கிட்டு வந்து மூணு மணி நேரம் தரையில படுத்து எழுந்தார், இப்போ முன்னே ஒழுகினதை விட நல்லா ஒழுகுது. அவர்கிட்ட அதைச் சொல்ல முடியுமா, ரொம்ப நன்றி மாப்பிள்ளைன்னு சொல்லி அனுப்பிட்டு மறுநாள் குழாய்க்காரரைக் கூப்பிட்டேன். உன் அக்காவுக்கு இது தெரியாது, படம் பிடிக்கும்போது படிச்சாலும் படிப்பா, படிச்சா படிக்கட்டும். உங்கப்பா ஓய்வு பெற்று ரெண்டு வருஷம் ஆகியும் கை சும்மா இருக்க மாட்டேங்குது, மருந்து அட்டையில, மின்சார பில்லுல, பக்கத்துக் கட்டடத்துல ஒட்டற அறிவிப்புல எல்லாம் பிழை கண்டுபிடிச்சுக்கிட்டு இருக்கார். போன வாரம் லிஃப்ட்டுக்குள்ள ஒட்டியிருந்த நோட்டீஸைத் திருத்திட்டு வந்து நின்னார், குடியிருப்புச் செயலாளர் வீட்டுக்கே வந்து சண்டை போட்டுட்டுப் போனார். நான் யார் பக்கம் பேசறது சொல்லு. என் தோள்பட்டை வலி அப்படியேதான் இருக்கு, இருபத்தெட்டு வருஷம் ஆஸ்பத்திரியில ஒரே கையில ஸ்கேன் ப்ரோப்பைப் பிடிச்சு ஜனங்க வயித்துல அழுத்தினா வலிக்காம என்ன பண்ணும், இன்னும் ரெண்டு வருஷம்தானேன்னு ஓட்டிக்கிட்டு இருக்கேன். உன் கடைவாய்ப் பல் என்ன ஆச்சு? டாக்டர்கிட்ட போனியா, இல்லை அங்கேயும் பம்ப்பு ஓடுதா?

சரி, விஷயத்துக்கு வரேன். உன் வேலை என்னன்னு யாராவது கேட்டா இந்த நாலு வருஷத்துல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பையன் டாக்டர் பட்டம் வாங்கிட்டானேன்னு கேட்பாங்க, ஆமாம்பேன், அப்புறமும் ஏன் லேப்லயே இருக்கான்னு கேட்பாங்க, அது பட்டத்துக்கு மேல பண்ற ஆராய்ச்சிம்பேன், அப்போ வேலை எப்போ கிடைக்கும்பாங்க, அதுவும் வேலைதான்னு நான் கத்துவேன். ஆனா நீ என்ன பண்றேன்னு எனக்குத் தெரியும்டா. ஏன்னா அது என் கையிலயே இருக்கு. மின்சாரம் குடுத்தா அசையற பொருள், அசைச்சா மின்சாரம் தர்ற பொருள், அதுதானே என் ப்ரோப்புக்குள்ள வரிசையா உட்கார்ந்து சத்தம் அனுப்பி சத்தம் வாங்குது. அதையே தலைமுடியில நூத்துல ஒரு பங்கு மெலிசா சிலிக்கான் மேல பூசறதுதான் உன் வேலை, அந்தப் பூச்சு நல்லா அசைஞ்சா நாளைக்கு ப்ரோப்பு ஒரு பிளாஸ்திரி மாதிரி ஆகிடும்மா, நீ அழுத்தவே வேண்டாம், ஒட்டிட்டு உட்காரலாம்னு நீ சொன்னப்போ நான் என்னமா சந்தோஷப்பட்டேன். போன வருஷம் உன் பூச்சு யாருடையதையும் விட மூணு மடங்கு அசையுதுன்னு கட்டுரை வந்தப்போ ஸ்கேன் ரூம் வாசல்ல அதோட முதல் பக்கத்தை நாலு நாள் ஒட்டி வெச்சிருந்தேன், வயித்துல ஜெல் தடவிக்கிட்டுப் படுத்திருந்தவங்களுக்கெல்லாம் உன் கதையைச் சொன்னேன். அவங்களுக்கு மூச்சை இழுத்துப் பிடிங்கன்னு சொல்ல மறந்துட்டு உன் பெருமையைப் பேசிக்கிட்டு இருந்திருக்கேன்.

அப்புறம் போன மாசம் போன் பண்ணி அந்த மூணு மடங்கு தப்பும்மான்னு சொன்னே. குரல் உள்ளே போயிருந்துச்சு. எனக்குப் புரியறதுக்காக டப்பா மூடியை வெச்சுச் சொன்னே. பிளாஸ்டிக் டப்பா மூடி மேல பெயிண்ட் அடிச்சிருக்குன்னு வெச்சுக்கோ, மூடியை ஓரத்துல மட்டும் பிடிச்சா அது நடுவுல உப்பிக்கும், மேலேர்ந்து லேசர் விட்டுப் பார்க்கறவனுக்கு பெயிண்ட்டே அவ்வளவு தடிச்ச மாதிரி தெரியும், நிஜத்துல உப்பினது மூடிதான் பெயிண்ட் இல்லை. சிலிக்கான் சில்லை அடியில முழுசாப் பசை வெச்சு இரும்புக் கட்டையோட ஒட்டாம ஓரத்துல மட்டும் ஒட்டினதால சில்லே வளைஞ்சிருக்கு, அந்த வளைவையும் சேர்த்து நாங்க பூச்சோட கணக்குல போட்டுட்டோம், இப்போ மேலேயும் கீழேயும் ரெண்டு பக்கமும் லேசர் விட்டுப் பார்த்தா மத்தவங்களுக்கு வர்றதுதான் எங்களுக்கும் வருதுன்னு சொன்னே. நிரந்தர வேலைக்கு நேர்காணல் வர்ற சமயத்துல, யாரும் கண்டுபிடிக்காத தப்பை நீயே கண்டுபிடிச்சு, பத்திரிகைக்கு நானே திருத்தம் எழுதப் போறேன்னு சொன்னே பாரு, எனக்குப் பயம் வந்தது நிஜம்தான், வேலை போயிடுமோன்னு உங்கப்பா முகம் தொங்கிப் போச்சு, ஆனா மூணு நாள் நான் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டுத்தான் நடந்தேன். வாசல்ல திரும்ப ஏதாவது ஒட்டணும்னா இதைத்தான் ஒட்டுவேன்னு உங்கப்பாகிட்ட சொன்னேன்.

அந்த சந்தோஷத்துலதான் நீ மண்ணை அள்ளிப் போட்டே. பள்ளிக்கூடத்துக் கட்டுரையிலேர்ந்து நீ எழுதற எல்லாத்தையும் உங்கப்பா பிழை பார்த்துக் குடுக்கறது நம்ம வீட்டு வழக்கம், அந்த வழக்கப்படி திருத்தக் கடிதத்தையும் அனுப்பினே. அவர் செவ்வாய்க்கிழமை காலையில சாப்பாட்டு மேசையில வெச்சு, எப்பவும் போல சத்தமாப் படிச்சு எனக்கும் அர்த்தம் சொல்லிக்கிட்டே வந்தார். முதல் வரி, இன்ன கட்டுரையில இன்ன அளவு சொல்லியிருந்தோம். ரெண்டாவது வரி, திரும்ப அளந்தப்போ அதுல மூணுல ஒரு பங்குதான் வந்துச்சு. மூணாவது வரி, சில்லை முழுசா ஒட்டாததால அடியில இருந்த சிலிக்கானும் சேர்ந்து வளைஞ்சிருக்கு. இதுவரைக்கும் எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. நாலாவது வரி, மாதிரிகளை ஒட்டும் பொறுப்பில் இருந்த ஆராய்ச்சி மாணவியின் கவனக்குறைவால் இது நேர்ந்துள்ளது. அவ்வளவுதான், கையில இருந்த டம்ளரை வெச்சுட்டேன். உங்கப்பா என்ன பண்ணினார் தெரியுமா, அந்த வரியில ஒரு காற்புள்ளி விட்டுப்போச்சுன்னு போட்டுட்டு, பிரமாதமான இங்கிலீஷ், நாலே வரியில என்ன தெளிவு பாருன்னு சொன்னார். அந்த மனுஷரை அன்னைக்கு நான் என்ன பேசினேன்னு இங்கே எழுத மாட்டேன். ரெண்டு பேருமே ஒரே அச்சுடா, வரி சரியா இருக்கான்னுதான் பார்ப்பீங்க, வரிக்கு அடியில யாரு மாட்டிக்கிட்டு இருக்கான்னு பார்க்க மாட்டீங்க.

இப்போ நான் கேட்கறேன், பதில் சொல்லு. அந்தப் பொண்ணை எனக்குத் தெரியாதா? போன வருஷம் நீ வீடியோவுல லேப்பைச் சுத்திக் காட்டினப்போ தலையிலேர்ந்து கால்வரைக்கும் வெள்ளை உடுப்பு போட்டுக்கிட்டு, கண்ணு மட்டும் தெரிய, எனக்கு ரெண்டு கையையும் தூக்கி வணக்கம் சொன்னாளே, பசைன்னு நீங்க எல்லாரும் கூப்பிடுவீங்களே, அவதானே? படிக்க வந்து முதல் வருஷம், சில்லு ஒட்டற வேலையை யாரும் செய்ய மாட்டாங்க, அவ தலையில கட்டிட்டோம்னு நீயே சிரிச்சே. அன்னைக்கு நீ இன்னொண்ணும் சொன்னே, நான் மறக்கலை. இந்தப் பசை இருக்காளேம்மா, எதுக்கெடுத்தாலும் சந்தேகம், ஒவ்வொரு தடவை ஒட்டும்போதும் அளவு மாறுது, ஏதோ தப்பு இருக்கு, முழுசா ஒட்டி ஒருதரம் பார்க்கட்டுமான்னு ரெண்டு நாளா நச்சரிக்கறா, மாதிரிக்கு மாதிரி வித்தியாசம் வரத்தான் செய்யும், நீ பேசாம ஒட்டுன்னு சொல்லிட்டேன்னு சொன்னே. சொன்னியா இல்லையா? நான் சமையலறையில வெங்காயம் நறுக்கிக்கிட்டே கேட்டேன், பாவம்டா, சின்னப் பொண்ணை விரட்டாதேன்னு கூடச் சொன்னேன், அவளுக்கு வேலை கத்துக் குடுக்கணும்மா, எல்லாத்துக்கும் நின்னா கட்டுரை எப்போ முடியறதுன்னு கேட்டே. ஆகக்கூடி கவனமா இருந்தவ அவ ஒருத்திதான். கேட்டவ அவ. வேண்டாம்னவன் நீ. மூணு மடங்கு வந்ததும் ஏன் வருதுன்னு பார்க்காம குதிச்சவன் நீ. மேலேர்ந்து மட்டும் லேசர் விட்டது உன் ஏற்பாடு. இப்போ கவனக்குறைவு அவளுடையதா? எந்த வாயால சொல்றே?

நீ என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியும். நான் பேர் போடலையேம்மா, மாணவின்னுதானே எழுதியிருக்கேன்பே. உங்க லேப்ல எத்தனை மாணவி சில்லு ஒட்டினா, பத்துப் பேரா? கட்டுரையில மூணாவது பேர் அவளுடையது, படிக்கறவங்களுக்கு விரல் விட்டு எண்ணத் தெரியாதா? ப்ரொஃபசர்தான் எப்படி நடந்துச்சுன்னு ஒரு விளக்கம் வேணும்னு சொன்னார்பே. விளக்கம்தான் மூணாவது வரியிலயே வந்துடுச்சே, சில்லு வளைஞ்சுதுன்னு. யாரு மேல போடறதுன்னு அவர் கேட்டாரா? நேர்காணல்ல என்னைக் கேட்பாங்கம்மா, நாலு வருஷமா ஒரு ஒப்பந்தம் முடிஞ்சா இன்னொரு ஒப்பந்தம்னு ஓடி ஓடி எனக்கு வயசு முப்பத்துமூணு ஆச்சும்மான்னு சொல்லுவே. அது நிஜம்தான்டா, அது எனக்குத் தெரியாதா, உன் வயசுல உன் அப்பாவுக்கு ரெண்டு பிள்ளை. உனக்கு இந்த வேலை கிடைக்கணும்னு நான் எத்தனை நாள் வாய் விட்டு வேண்டியிருக்கேன். ஆனா நீ நிறைய படிச்சவன்தானே, கணக்குப் போட்டுப் பாரு, உனக்கு வேலை போனா இன்னொரு வேலை தேடலாம், அவ இன்னும் முதல் அடியே வைக்கலை, அதுக்குள்ள அச்சுல ஏத்தி கவனக்குறைவுக்காரின்னு பேர் வெச்சுட்டா அவ எங்கே போவா? நாளைக்கு அவ எங்கே வேலை கேட்டாலும் அந்த நாலு வரியை யாராவது எடுத்துப் பார்ப்பாங்க. அவகிட்ட இதைக் காட்டினியா? காட்டியிருக்க மாட்டே. காட்டினா அவ சரி சார்னு தலையை ஆட்டிட்டுப் போயிடுவா, அது உனக்கும் தெரியும், அந்த தைரியத்துலதான் எழுதியிருக்கே.

இவ்வளவு கோபம் எதுக்கு, யாரோ ஒரு பொண்ணுக்காக அம்மா ஏன் இந்தக் குதி குதிக்கறான்னு உனக்குத் தோணும். இப்போ எழுதப் போறதை உன்கிட்டயும் அக்காகிட்டயும் நான் சொன்னதில்லை, உங்கப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். அதான் அவர் அந்தக் காற்புள்ளியைப் போட்டப்போ எனக்கு அப்படி ஆத்திரம் வந்துச்சு. நீ ஏழாம் வகுப்பு படிக்கும்போது ரெண்டு வருஷம் நான் ஸ்கேன் ரூம்ல இல்லை, ரெக்கார்ட் ரூம்ல இருந்தேன், ஞாபகம் இருக்கா? நாலு மணிக்கே வீட்டுக்கு வந்துடுவேன், அம்மா சீக்கிரம் வந்துடறாங்கன்னு உனக்கும் அக்காவுக்கும் ஒரே கொண்டாட்டம். ஷிஃப்ட் மாத்திட்டாங்கன்னு உங்ககிட்ட சொன்னேன். ஷிஃப்ட் எல்லாம் மாத்தலை. அந்த வருஷம் எங்க ப்ரோப்புல சத்தம் அனுப்பற நாலஞ்சு படிகம் செத்துப் போச்சு, படத்துல நடுவுல கறுப்பா ஒரு பட்டை விழும், அதுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னே தெரியாது. படம் எடுக்கறது நான், பார்த்துக் கையெழுத்துப் போடறது டாக்டர். நான் அவர்கிட்ட மூணு தடவை சொன்னேன், பதிவேட்டுலயும் எழுதினேன். புது ப்ரோப்பு வர்றப்போ வரும், நீங்க சாய்ச்சு வெச்சு சமாளிச்சு எடுங்கம்மா, இத்தனை பேர் வெளியே காத்துக்கிட்டு இருக்காங்கன்னார். சமாளிச்சேன். ஒரு அம்மாவுக்குச் சிறுநீரகத்துல இருந்த கட்டி அந்தக் கறுப்புப் பட்டைக்குப் பின்னாடி மாட்டிக்கிச்சு. ஒண்ணும் இல்லைன்னு ரிப்போர்ட்டு போச்சு. எட்டு மாசம் கழிச்சு வேற இடத்துல கண்டுபிடிச்சு ஒரு சிறுநீரகத்தையே எடுக்க வேண்டியதாப் போச்சு. அந்த அம்மா பிழைச்சுட்டாங்க, அது ஒண்ணுதான் ஆறுதல்.

விசாரணை வந்துச்சு. டாக்டர் ஒரு பக்கம் எழுதிக் குடுத்தார். அதுல மெஷினைப் பத்தி இருந்துச்சு, கூட்டத்தைப் பத்தி இருந்துச்சு, கடைசியில படம் எடுத்த ஊழியரின் கவனக்குறைவும் ஒரு காரணம்னு இருந்துச்சு. அவரும் பேர் போடலைடா. ஊழியர்னுதான் போட்டிருந்தார். அந்த ரூம்ல ஊழியர் நான் ஒருத்தி. என் பதிவேட்டைக் காட்டினேன், யாரும் புரட்டிக் கூடப் பார்க்கலை, அவர் பெரிய டாக்டர், நல்லவர்தான், என் பிள்ளைங்க பேரைச் சொல்லி விசாரிக்கற மனுஷர், அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னுட்டாங்க. ரெண்டு வருஷம் ரெக்கார்ட் ரூம்ல தூசியில உட்கார்ந்து பழைய ரிப்போர்ட்டெல்லாம் அடுக்கினேன். எனக்கு அழுகை வரலை, அவமானமா இருந்துச்சு, எதிரே வர்றவங்க எல்லாரும் இவதானேன்னு பார்க்கற மாதிரியே இருந்துச்சு. நான் திரும்ப ஸ்கேன் ரூமுக்கு வந்தப்புறமும் ரொம்ப நாளைக்கு ஒவ்வொரு படத்தையும் ரெண்டு தடவை எடுப்பேன், வீட்டுக்கு வந்தா உங்க மேல எரிஞ்சு விழுவேன். அம்மாவுக்கு மூக்கு மேல கோபம்னு நீங்க ரெண்டு பேரும் கேலி பண்ணுவீங்களே, அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு நினைக்கறே?

இதை இத்தனை வருஷம் வாயைத் திறக்காம இருந்தவ இப்போ ஏன் எழுதறேன்னா, அதே டாக்டர் போன மாசம் வந்திருந்தார். ஓய்வு பெற்று ரொம்ப வருஷம் ஆச்சு, தடி ஊனிக்கிட்டு நோயாளியா வந்தார், வயித்து ஸ்கேன். என் மேசையில படுத்தார், சட்டையைத் தூக்கி நான்தான் ஜெல் தடவினேன். என்னை உடனே அடையாளம் தெரிஞ்சுது, எப்படிம்மா இருக்கே, பையன் இன்னும் படிச்சுக்கிட்டு இருக்கானான்னு கேட்டார். ஆராய்ச்சி பண்றான் சார்னேன். பக்கத்துல நின்ன புது டாக்டர்கிட்ட, இவங்க ரொம்ப கவனமானவங்க, நான் பழக்கினேன்னு சொன்னார். கவனமானவங்களாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இருபது நிமிஷம் எடுத்தேன், கல்லீரல், பித்தப்பை, ரெண்டு சிறுநீரகம், எல்லாத்தையும் அளந்தேன், மூச்சை இழுங்க சார், விடுங்க சார்னு சொல்லிக்கிட்டே அந்த இருபது நிமிஷமும் நான் காத்துக்கிட்டு இருந்தேன். இப்போ சொல்லுவார், இப்போ சொல்லுவார்னு. மன்னிப்பெல்லாம் வேண்டாம். அன்னைக்கு நீ சொன்னேம்மா, நான்தான் கேட்கலைன்னு ஒரு வார்த்தை. புது டாக்டர் நடுவுல வெளியே போனார், ரூம்ல நாங்க ரெண்டு பேர்தான், அப்பவும் சொல்லலை. அவர் மறைச்சார்னு நான் நினைக்கலை. அவருக்கு ஞாபகமே இல்லை. எழுதினவருக்கு அது ஒரு பக்கத்துல ஒரு வரி, எழுதி முடிச்சதும் மறந்துட்டார். எனக்கு இருபத்தோரு வருஷமா அது தினம் இருக்கு. வயித்தைத் துடைச்சுவிட்டு, கையைப் பிடிச்சு எழுப்பிவிட்டு, பார்த்துப் போங்க சார்னு சொல்லி அனுப்பினேன். வேற என்ன பண்றது.

அதுக்கு மூணாவது வாரம் என் பிள்ளை அதே வரியை எழுதி அனுப்பறான், என் வீட்டுக்காரர் அதுக்குக் காற்புள்ளி போடறார். நான் என்ன ஆவேன்னு நினைச்சுப் பாரு. அப்பா அன்னைக்கு சாயந்திரமே விஷயம் உறைச்சு, யாரும் சொல்லாமலே பாத்திரம் எல்லாம் கழுவி வெச்சுட்டு, நான் வேணா அந்த வரியை மாத்தி எழுதித் தரேன், அனுப்பிடலாம்னு வந்து நின்னார். வேண்டாம், உங்க இங்கிலீஷ் போதும், அவன் கையால எழுதட்டும்னு சொல்லிட்டேன். உனக்குச் சொல்லிக் குடுக்கணுமா என்ன, நடந்ததைத்தான் எழுதணும். மாணவி சந்தேகப்பட்டுக் கேட்டா, நான் கேட்கலை, சோதிக்காம விட்டது நான். இவ்வளவுதான். இதை எழுதினா வேலை போயிடும்னா போகட்டும்னு சொல்ற அளவுக்கு நான் பெரிய மனுஷி இல்லைடா, எனக்கும் பயமாத்தான் இருக்கு. நேர்காணல் அன்னைக்கு நான் லீவு போட்டுட்டு வீட்டுல உட்கார்ந்திருப்பேன், கையும் ஓடாது காலும் ஓடாது. வேலை கிடைக்கலைன்னா உன்னோட சேர்ந்து நானும் அழுவேன், அந்த ஊர்க்காரங்களை எல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டுவேன், உன்னைத் திட்ட மாட்டேன். ஆனா அந்த வரியோட நீ வேலை வாங்கிட்டு வந்து நின்னா எனக்கு என்ன பேசறதுன்னு தெரியாது. சந்தோஷப்பட முயற்சி பண்ணுவேன், முடியாது. உன்னைப் பெத்தவ நான், உன்னை விட்டுக் குடுக்க முடியாது, அதனாலதான் இவ்வளவு கோபம். அந்தப் பொண்ணுக்கும் வயசாகும், கல்யாணம் பண்ணிக்குவாளோ என்னவோ, ஏதோ ஒரு பிள்ளைக்கு ஏதோ ஒரு நாள் உட்கார்ந்து கடிதம் எழுதுவா. நான் படிக்கும்போது லேப்ல ஒருத்தர் இருந்தார்னு உன்னைப் பத்தி அதுல எழுதுவா. அதுக்கு அடுத்து அவ என்ன எழுதணும்ங்கறது திங்கட்கிழமை வரைக்கும் உன் கையில இருக்கு.

உடம்பைப் பார்த்துக்கோ. நீ எடுத்த காரியம் எல்லாம் கைகூடி, நூறு வயசு நிம்மதியாத் தூங்கற மனுஷனா நீ இருக்கணும்னு அம்மா மனசார வாழ்த்தறேன், அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். ஒண்ணு மட்டும் மறந்துடாதே, மாத்தி எழுதினதை முதல்ல அந்தப் பொண்ணுகிட்ட குடுத்து, எதிரே உட்காரவெச்சு முழுசாப் படிக்கச் சொல்லு, ப்ரொஃபசருக்கு அப்புறம் அனுப்பிக்கலாம். படிச்சுட்டு அவ என்ன சொன்னான்னு எனக்கு போன் பண்ணிச் சொல்லு, எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

இப்படிக்கு,
இன்னும் கோபமா இருக்கற, ஆனா உன்னைத் தவிர வேற யார்கிட்டயும் இவ்வளவு கோபப்படத் தெரியாத,
அம்மா